முதற்பிடிப் பூ

சென்ற ஆவணி மாதத்துக்கு முந்திய ஒரு மாலைப்பொழுது, நம்மிடம் கல்லூரியில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பொத்துவிலுக்குத் தெற்கே, அறுகம்பேயை அடுத்த உல்லைப் பக்கத்தில் அவருடைய வீடு. தம் திருமணச் செய்தியைச் சொல்லி நம் வாழ்த்தையும் பெற்றபின், சற்றுத் தயங்கி, "சேர், ஒரு சின்னக் கேள்வி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து புறப்படும்போது பூவிதழ் தூவ வேண்டும் என்று விருப்பம். கடையில் ஒரு பொதியில் ஆயிரம் இதழ் இருக்கிறது. எத்தனை பொதி வாங்கலாம்?" என்று கேட்டார்.

இலக்கணத்திலும் இலக்கியத்திலும் ஐயம் கேட்டுப் பழகிய மாணவர் இப்போது பூக்கணக்குக் கேட்கிறாரே என்று முதலில் நகைத்தோம். பின்னர், பொதியில் இருப்பவை எந்தப் பூவின் இதழ்கள் என்று வினவினோம். "பூ இல்லை, சேர். துணி மாதிரி ஒன்று. வாடாது" என்றார். வாடாத பூ என்ற சொல் நம் மனத்தில் நெருடியது. அந்த நெருடலே இந்த வாரக் கட்டுரைக்கு வித்தாயிற்று.

அவருக்குச் சொன்ன கணக்கையும், அந்தக் கணக்கினூடே நாம் கற்றுக்கொண்ட ஒன்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறோம். திருமணம் நடக்காத வீடு இல்லையாதலால், கணக்கு எவருக்கேனும் பயன்படும்.

வழியனுப்பப்படுவது யார்?

தமிழ்நாட்டு அன்பர்கள் இதைப் படித்தால், மாப்பிள்ளையை வழியனுப்புவதாவது என்று வியப்பார்கள். தாய்வீட்டை விட்டுப் பெண் புறப்படும்போது கண்ணீர் பெருகுவதைத்தான் கதைகளும் திரைப்படங்களும் நமக்குக் காட்டியிருக்கின்றன. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் வழியாகப் பொத்துவில் வரை நீளும் கீழைக்கரையிலோ, பெரும்பாலும் நிலைமை நேர்மாறானது. இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. திருமணமானதும் மாப்பிள்ளையே பெண்வீட்டுக்குக் குடிபோகிறான். மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், காலப்போக்கில் அருகே ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வதும் உண்டு.

தாய்வழியாக வரும் 'குடி' என்னும் முறை இக்கரையின் தனிச்சிறப்பு. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். ஒரே குடிக்குள் மணவினை கொள்ளார். இம்முறை தமிழ் இந்துக்களிடம் மட்டும் உள்ளதன்று. இக்கரை முஸ்லிம்களிடமும் வேரூன்றியது. கோயில் உரிமையும் பள்ளிவாசல் மரைக்காயர் பொறுப்பும் குடிவழியே பகிரப்பட்டு வந்துள்ளன. 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் இம்முறையை எவ்வாறு பகிர்ந்துகொண்டுள்ளனர் என்பதை 2008இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது எளிய செயலன்று. ஒரு வீட்டில் மூன்று பெண்கள் என்றால் மூன்று வீடுகளுக்குத் தந்தையும் தமையன்மாரும் கல் சுமக்க வேண்டும். அதற்காகவே மத்திய கிழக்குக்குச் சென்று இளமையைச் செலவிட்ட அண்ணன்மாரை நாம் அறிவோம். ஆகவே இவ்வழக்கில் எல்லாம் இனிமை என்று சொல்ல வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கரையில் வெறிச்சோடிப்போவது பெரும்பாலும் மகனைப் பெற்ற தாயின் வீடு. அந்த வீட்டு வாசலில் தூவும் பூவைப்பற்றித்தான் நம் மாணவர் கேட்டார்.

பழைய வழக்கம்

பூத்தூவுதல் வெளிநாட்டுப் புதுமை என்று கருதுவோர் நம்மிடையே உள்ளனர். அறுகம்பேக் கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டார், மணலிலே பூப்பரப்பி மணம் செய்துகொள்ளும் படங்களைக் கண்டதால் எழுந்த எண்ணம் இது. அகநானூற்றைப் புரட்டினால் இந்த எண்ணம் மாறும்.

அகநானூற்றின் 86ஆம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. அதில் வருவது ஒரு திருமண விடியற்காலை. உழுந்து கலந்த பொங்கலோடு விருந்து நடக்கிறது. பந்தலின் கீழே கொண்டுவந்த மணல் பரப்பப்பட்டிருக்கிறது. விளக்கேற்றி மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி, மணமகளை வாழ்த்தி நீராட்டுகிறார்கள். நீரோடு சொரிந்த ஈர இதழ்களும் நெல்மணிகளும் அவளுடைய கரிய கூந்தலில் தங்கி விளங்குகின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய இக்காட்சியில் மணல் உண்டு, பூவிதழ் உண்டு, நெல் உண்டு, வாழ்த்தும் உண்டு. இன்றைய கடற்கரைத் திருமணத்தில் புதிதாக என்ன இருக்கிறது?

நெல் இருந்த இடத்தில் இன்று அறுகரிசி இருக்கிறது. மஞ்சளிட்ட அரிசியோடு அறுகம்புல்லையும் சேர்த்து மணமக்கள் தலையில் இட்டு வாழ்த்துகிறோம். ஆலைப்போல் தழைக்கவும் அறுகைப்போல் வேரூன்றவும் வாழ்த்துவது தமிழர் வழக்கு. அறுகின் இயல்பை மாணவர்கள் தம் வீட்டு முற்றத்திலேயே காணலாம். அது நிலத்தோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மிதிபட்டாலும் காய்ந்தாலும் ஒரு மழைக்குள் மீண்டும் பசுமை கொள்ளும். அறுகங்குடா என்னும் பழைய பெயரே இவ்விடத்துக்கு அறுகம்பே என வழங்கிவருகிறது. அறுகம்புல் நிறைந்த குடா என்று அதற்குப் பொருள் கூறுவர். வாழ்த்துக்குரிய புல்லின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு, வாடாத துணியைத் தேடிக் கடைக்குப் போவானேன் என்று நம் மாணவரிடம் கேட்டோம்.

மணமக்கள்மீது ஏதேனும் ஒன்றைத் தூவி வாழ்த்துவது பல நாட்டாரின் வழக்கம். பழைய உரோமர் திருமண ஊர்வலத்தில் கொட்டை வகைகளை எறிந்தனர். மேனாட்டில் அரிசி எறிந்தனர். இத்தாலியில் விழாக்காலத்தில் சீனிப்பாகில் தோய்த்த கொத்தமல்லி விதைகளை எறிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் இடத்தைக் காகிதத் துணுக்கு பிடித்துக்கொண்டது. இத்தாலியர் இன்றும் அக்காகிதத் துணுக்கைக் கொத்தமல்லியின் பெயராலேயே அழைக்கின்றனர். விதை காகிதமாகி, காகிதம் பிளாஸ்டிக் ஆனதே இதன் வரலாறு.

இடையில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுவோம். தூவிய பச்சை அரிசியைத் தின்னும் பறவை வயிறு வீங்கிச் சாகும் என்று மேனாட்டில் ஒரு கதை பரவி, நம்மிடையேயும் சிலர் அதைச் சொல்லித் திரிகின்றனர். இஃது உண்மையன்று. வயல் சூழ்ந்த அம்பாறை மாவட்டத்தில், நெற்கதிரை மேயும் குருவிக் கூட்டங்களை விரட்டும் உழவரைக் கேட்டால் உண்மை தெரியும். அறுகரிசி முற்றத்தில் விழுந்தால் குருவிக்கும் கோழிக்கும் விருந்து, வேறு கேடில்லை.

வாடாத பூவின் கேடு

கேடு வாடாத பூவில்தான் இருக்கிறது. துணிபோலத் தோன்றும் அந்த இதழ்கள் பெரும்பாலும் பொலியெஸ்டர் இழையால் ஆனவை; அதாவது அவையும் பிளாஸ்டிக்கே. மெல்லிய தகடுபோல மினுங்கும் துணுக்குகளும் அவ்வாறே. அவை மண்ணில் மக்குவதில்லை. வெயிலிலும் அலையிலும் சிதைந்து மேலும் மேலும் சிறிய துகள்களாகின்றன. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மேற்குக்கரை மணலை மூடிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவற்றை அரித்து அரித்து எடுத்தும் முற்றாக எடுக்க இயலவில்லை. திருமணப் பொதி ஒன்றில் ஆயிரம் இதழ். காற்று அடித்தால் ஆயிரத்தில் எத்தனையை நாம் திரும்பப் பொறுக்க முடியும்?

உலகில் ஏழுவகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் ஐந்துவகை இலங்கைக் கரைகளில் ஏறி முட்டையிடுகின்றன. கரைவலை இழுப்போர் மீனோடு குப்பையையும் சேர்த்து இழுக்கும் காலம் இது. கடலை நம்பி வாழும் ஊரில், மங்கல நாளின் மிச்சம் அடுத்த நாள் அயலவர் வலையில் வந்து சேருவது மங்கலமாகாது.

இலங்கை அரசு 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் திகதி முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றைத் தடைசெய்தது. உறிஞ்சுகுழல், தட்டு, கோப்பை, கரண்டி ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூமாலையும், பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் அப்பட்டியலில் உள்ளன. மாலையைத் தடுத்த காரணம் இதழுக்கும் பொருந்தும் அன்றோ? இதைச் சொன்னதும் நம் மாணவர் சிரித்தார். "இடியப்பத் தட்டை அம்மா எப்போதோ மாற்றிவிட்டா, சேர். பிரம்புத் தட்டில்தான் பிழிகிறா" என்றார். அவருடைய அன்னை இடியப்பம் அவித்து விற்று அவரைப் படிக்கவைத்தவர். அவரைப்பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

கணக்கு இதுதான்

பூவிதழ்க் கணக்குக்கு வீட்டிலுள்ள பால்பேணி ஒன்று போதும். அரிசி அளக்கும் சுண்டுதான் அது. அழுத்தாமல் நிரப்பினால் ஒருவர் இருமுறை அள்ளித் தூவ ஒரு சுண்டு இதழ் சரியாக இருக்கும். அடுத்து, எத்தனை பேர் தூவுவர் என்று பார்க்க வேண்டும். விருந்தினர் இருநூறு பேர் என்பதால் இருநூறு சுண்டு வேண்டியதில்லை. வாசலிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை இருபுறமும் வரிசையாக நிற்போருக்கு மட்டுமே பூ. ஒருவர் நிற்க இரண்டு அடி இடம் என்றால், அறுபது அடி நீளப் பாதையில் பக்கத்துக்கு முப்பது பேராக அறுபது பேர் நிற்கலாம். எனவே அறுபது சுண்டு. வாடியவையும் சிந்தியவையும் ஈடுசெய்யக் கால்பங்கு கூட்டினால் எழுபத்தைந்து சுண்டு.

நல்ல ரோசாப்பூ ஒன்றைப் பிரித்தால் ஏறத்தாழ ஒரு சுண்டு இதழ் கிடைக்கும். எல்லாவற்றையும் ரோசாவாகவே வாங்க வேண்டுமாயின் எழுபத்தைந்து பூ. மலைநாட்டிலிருந்து வரும் ரோசாவுக்குக் கொடுக்கும் விலையை எண்ணினால், இடியப்பம் விற்கும் வீட்டுக்கு அது பெருஞ்சுமை. ஆகவே நாலில் ஒரு பங்கு ரோசா, மூன்று பங்கு அயல்முற்றத்துப் பூ என்று வகுத்தோம். இருபது ரோசா போதும் என்றாயிற்று.

அயல்முற்றத்துப் பூவிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். செவ்வந்தி இதழ் இலேசானது, எளிதில் வாடாது. மல்லிகையை இதழ் பிரிக்காமல் முழுப்பூவாகவே கலக்கலாம். செவ்வரத்தம்பூ அழகியதாயினும் கசங்கினால் வழுவழுத்து வெள்ளை வேட்டியில் கறை படியும், அது வேண்டாம். அலரி வகைகளை அறவே விலக்க வேண்டும். அவை நச்சுத்தன்மை உடையன. விழா முடிந்தபின் அந்த முற்றத்தில் தவழும் குழந்தையும் மேயும் ஆடும் அவற்றை வாயில் வைக்கக்கூடும். மங்கலத்துக்குப் பூத் தேடும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இதைக் குழந்தை தின்றால் என்னாகும் என்பதே.

பூவை விடியற்காலையில் பறித்து, பனி உலர்ந்தபின் இதழ் பிரிக்க வேண்டும். பிரித்ததைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் புழுங்கிக் கறுத்துவிடும். நிழலில் பன்பாய் விரித்து, அதன்மேல் ஈரம் பிழிந்த வெள்ளைத்துணியைப் பரப்பி, இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் இட வேண்டும். தண்ணீர் தெளிக்கலாகாது, நனைந்த இதழ்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழும். முதல்நாளே பிரிக்க நேர்ந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய விடக்கூடாது. பகிர்வதற்கு வாழையிலைத் துண்டைச் சுருட்டிய கூம்பே போதும்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடற்காற்று கரைநோக்கி வருகிறது; இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் திசை மாறுகிறது. பாடநூலில் படித்த இவ்விதியைப் பூத்தூவும் வேளையில் மறந்துவிட்டால், மாப்பிள்ளைமேல் எறிந்தது எறிந்தவர் முகத்திலேயே வந்து விழும். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் மேற்குக் காற்றுக்கே முதலிடம். எனவே எறிவோர் காற்றைத் தம் முதுகுக்குப் பின்னால் கொள்ள வேண்டும். தலைக்குமேல் வீசாமல் மார்பளவு உயரத்தில் தூவ வேண்டும். நம் மாணவர் காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாக இருந்ததால் காற்றுத் தொல்லை பெரிதாக இல்லை. சீமெந்துப் படியிலும் வழுவழுப்பான தரைக்கல்லிலும் ரோசா இதழ் வழுக்கும். முதியோர் நடக்கும் இடத்தில் தூவாமல் மணலில் தூவுக என்று மட்டும் கூறிவைத்தோம்.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் கணக்கு முடிந்தது என்றே எண்ணினோம்.

கணக்கில் விடுபட்டவர்

திருமணநாள் விடியுமுன்பே உல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். மணல் முற்றம் கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது. பன்பாயின்மேல் வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக இதழ்கள் பரந்து கிடந்தன. பாதிக்குமேல் அயலிலுள்ள முஸ்லிம் வீடுகளிலிருந்து வந்த பூக்கள். விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு அவ்வீட்டுப் பிள்ளைகள் பறித்துக் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னார்கள். இலைக்கூம்புகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த மாணவரின் தங்கை, "சேர், அறுபது சரியாக இருக்கிறது" என்று பெருமையோடு காட்டினாள்.

மாணவரின் அன்னையை மட்டும் காணவில்லை. அடுக்களைப் பக்கம் சென்று பார்த்தபோது, அவர் புகையடுப்பின் முன் அமர்ந்திருந்தார். அன்றைக்கு அவிக்க இடியப்பம் ஏதுமில்லை. இருந்தும் அடுப்பின் முன்னே இருந்தார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அன்று காலை கரைக்குப் போன தந்தை திரும்பவில்லை. மாணவருக்கு அப்போது நான்கு வயது, தங்கை கைக்குழந்தை. அன்றிலிருந்து அந்த அம்மையார் மங்கல நிகழ்ச்சி எதிலும் முன்னே நின்றதில்லை. யாரும் அவரைத் தள்ளியதில்லை. அவரும் யாரையும் குறைகூறியதில்லை. முன்னே நிற்கலாகாது என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விதியாக இருந்தது. மகன் அந்த வீட்டை விட்டுப் புறப்படும் நாளிலும் அவ்விதியே நடக்கவிருந்தது. நாம் போட்ட அறுபது பேர்க் கணக்கில் அவருக்கு ஒரு கூம்பு இல்லை என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. பூவின் நச்சுத்தன்மை, காற்றின் திசை, படியின் வழுக்கல் யாவற்றையும் எண்ணிப் பார்த்த நாம், தாயை எண்ணவில்லை. வெட்கத்தால் தலைகுனிந்தோம்.

ஏதேனும் சொல்லலாமா என்று நாம் தயங்கி நிற்கையில், அயல்வீட்டு மூதாட்டி ஒருவர், முந்தானையால் தலையை மூடியபடி அடுக்களைக்குள் வந்தார். ஆழிப்பேரலையில் இரண்டு பிள்ளைகளை இழந்தவர் என்று பின்னர் அறிந்தோம்.

"என்ன தங்கச்சி, புள்ள வெளிக்கிடப் போறான். நீ இஞ்ச என்ன செய்யிறாய்?"

"நான் எப்பிடி ராத்தா முன்னுக்கு வாறது? நல்ல காரியம் நடக்கிற நேரம்..."

"நல்ல காரியம்! அவன நீ பெத்தது நல்ல காரியமில்லையா? இடியப்பம் வித்து வளத்தது நல்ல காரியமில்லையா? நீ போடாத பூவ ஊரு போட்டு என்ன வரப்போகுது? எழும்பு!"

குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்றபடி, "வழக்கம் என்று ஒன்று இருக்கு..." என்று மெல்லத் தொடங்கினார். அவர் நல்லவர், அந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக நின்றவர். அவர் நம்மைப் பார்த்தார். தமிழாசிரியர் வழக்கத்தின் பக்கமே பேசுவார் என எதிர்பார்த்திருக்கலாம்.

நாம் அகநானூற்றுப் பாட்டைச் சொன்னோம். மணமகளை வாழ்த்த வந்த அந்த நால்வரைப்பற்றிப் புலவர் முதலில் கூறும் தகுதி, அவர்கள் மக்களைப் பெற்றவர்கள் என்பதே. அவர்கள் மங்கல மகளிர் என்று உரை கூறுவோர் கூறுவர், அதை மறைக்கவில்லை. ஆயினும் பிள்ளையைப் பெற்றதே வாழ்த்துவதற்குரிய முதல் தகுதி என்பதும் அப்பாட்டிலேயே இருக்கிறது. "வழக்கத்தில் இரண்டும் இருக்கின்றன, ஐயா. இன்றைக்கு எதை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது" என்றோம். பெரியவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு தங்கையை அழைத்து, "அம்மாவுக்குப் பெட்டியோட குடு, பிள்ளை. கூம்பு காணாது" என்றார்.

ஏழு மணிக்கு மாப்பிள்ளை படியிறங்கினார். வரிசையின் தலைப்பில் அன்னை நின்றார். கையிலே பூப்பெட்டி, அதற்குள் ஒருபிடி அறுகம்புல்லும் மஞ்சள் அரிசியும். அவருடைய கை நடுங்கிற்று. முதற்பிடிப் பூ மகனுடைய தலையில் விழவில்லை; தோளில் பட்டுச் சரிந்து மணலில் விழுந்தது. மகன் குனிந்து அன்னையின் காலைத் தொட்டார். அடுத்த பிடி தலையிலே விழுந்தது. அந்தக் கணத்தில் வேலியோரம் நின்ற முஸ்லிம் பெண்கள் குரவையிட்டனர். மகிழ்ச்சி வேளையில் குரவையிடுவது இக்கரையில் தமிழ்ப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் பொதுவான வழக்கு. ஓசை எழுந்ததும் வரிசையில் நின்றோர் அனைவரும் பூத்தூவினர். களப்பின்மேல் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட பாலத்தைக் கடந்து வண்டி திருக்கோவிலை நோக்கிச் செல்லும்வரை அன்னை வாசலிலேயே நின்றார்.

பூ எதற்காக?

இக்கரையின் காரைதீவில் 1892இல் பிறந்து 1947இல் மறைந்த சுவாமி விபுலாநந்தர், இறைவன் விரும்பும் மலர் எது என்று வினவிப் பாடிய பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வெளியே பூத்த மலர் அன்று, உள்ளக் கமலமே அவன் வேண்டுவது என்பது அதன் கருத்து. அந்தப் பாட்டைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறோம். உல்லையில் அன்றைய காலையில், அதன் பொருளைக் கற்பித்தவர் எழுத்தறியாத ஒரு மூதாட்டி.

ஆழிப்பேரலையின்போது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டனர். இனிவரும் ஆவணியிலும் தையிலும் அவர்களுடைய திருமணங்கள் இக்கரையெங்கும் நிகழும். தந்தையையும் தாயையும் அலைக்கும் போருக்கும் கொடுத்த வீடுகள் அவற்றுள் பல. அவ்வீடுகளில் அடுக்களைக்குள் ஒதுங்கி நிற்போர் ஒருவரேனும் இருப்பர். சில குடும்பங்களில் பூத்தூவும் வழக்கமே இராது. மார்க்கத்தின் பொருட்டோ எளிமையின் பொருட்டோ அதனைத் தவிர்ப்போரை மதிப்பதே பண்பு. ஆனால் ஒதுங்கி நிற்பவரை முன்னே அழைப்பதற்கு எந்த மதத்திலும் தடையிருக்க நியாயமில்லை.

மாலையில் திரும்பும் வழியில் அந்த முற்றத்தை மீண்டும் பார்த்தோம். கோழிகள் அரிசியைக் கொத்தி முடித்திருந்தன. ஆடொன்று செவ்வந்தியை மேய்ந்துகொண்டிருந்தது. மிஞ்சிய இதழ்கள் சுருங்கி மணலோடு மணலாகிக் கொண்டிருந்தன. பொறுக்குவதற்கு எதுவும் இல்லை.

திருமணத்துக்குப் பூக்கணக்குப் போடும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆளுக்கு ஒரு சுண்டு, இழப்புக்குக் கால்பங்கு, காற்று முதுகுக்குப் பின்னால். இவை யாவும் சரியே. ஆனால் முதற்பிடிப் பூ யாருடைய கையில் இருக்கவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றக் கணக்கை அதன்பின் போடலாம்.